பாடமாகிப் போன தம்பி

நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த நாட்டுக்காரருக்குக் கோபம் வரும், பக்கத்து நாட்டுக்காரருக்கு நிம்மதி வரும். இரண்டும் வேண்டாம். குளிர் நாடு, பணக்கார நாடு, அகதி என்று வந்து நிற்பவனிடம் நூறு கேள்வி கேட்கிற நாடு என்று வைத்துக்கொண்டால் போதும். காலம், இன்றைக்கு முப்பது வருடங்களுக்குப் பிறகு.

அந்த நாட்டின் புகலிட வாரியம் புதிதாக ஒரு கருவியை வாங்கி வைத்திருந்தது. தலையைச் சுற்றி மாட்டுகிற உலோக வளையம். அதற்கு நீளமான விஞ்ஞானப் பெயர் ஒன்று உண்டு, நம்மவர்கள் கிரீடம் என்றார்கள். கிரீடத்தை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்பவன் தானே பட்டு அனுபவித்ததைச் சொன்னால் பச்சை விளக்கு எரியும். படித்ததையோ பிறர் சொல்லிக் கேட்டதையோ சொன்னால் மஞ்சள் எரியும். விளக்கை மட்டும் வைத்து யாரையும் பொய்யன் என்று முடிவுகட்டக் கூடாது என்று வாரியம் தன் கையேட்டில் எழுதித்தான் வைத்திருந்தது. ஆனால் மஞ்சள் எரிந்த ஒருவருக்காவது அங்கே இருக்க அனுமதி கிடைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

துஷ்யந்திக்கு அந்தக் கிரீடத்தின்மேல் பயமே இருக்கவில்லை. உண்மையைச் சொல்கிறவனுக்கு என்ன பயம் என்பது அவளுடைய கட்சி. வயது நாற்பத்தேழு. துணி வெளுக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில், மூன்று அறைகளில் 'கைகொடு மன்றம்' என்ற உதவி அமைப்பை இருபத்தொரு வருடமாக நடத்திவந்தாள். தங்க இடம், குளிருக்கு மேலங்கி, வைத்தியரிடம் கூட்டிப்போக மொழி தெரிந்த ஆள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். பதினாறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆனால் அவளுடைய பெயர் கடல் தாண்டிப் போனதற்குக் காரணம் வேறு. வாரியத்தின் விசாரணைக்கு ஆட்களைத் தயார்செய்வதில் அவளை அடிக்க ஆளில்லை.

நம்மவர்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு, எதையும் பாடமாக்கிவிடுவோம். விளங்குகிறதோ இல்லையோ, காலை நாலு மணிக்கு எழும்பிப் பாடமாக்கி, ரியூசனில் ஒப்பித்து, பரீட்சையில் கக்கிவிட்டு வருவோம். துஷ்யந்தி அந்த வித்தையை அப்படியே புகலிட விசாரணைக்குக் கொண்டுவந்திருந்தாள். நாற்பது மாதிரிக் கேள்விகள். ஒரு மேசை, ஒரு மணிக்கூடு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அதிகாரியாக அவளே. நடந்ததைக் குறிப்புக் குறிப்பாக எழுதவைத்து, திகதி பிசகாமல், வரிசை மாறாமல், நடு ராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்வரை விடமாட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. பழைய காலத்தில் பதற்றத்தில் மகளின் பிறந்தநாளை மாற்றிச் சொன்ன ஒருவரைப் பொய்யர் என்று முத்திரை குத்தி விமானம் ஏற்றியிருந்தார்கள். அதன் பிறகுதான் அவள் இந்தப் பயிற்சியைத் தொடங்கினாள். ஒரு காலத்தில் உயிர் காத்த வித்தைதான் அது.

யூஜின் அவளிடம் வந்தது போன மாரியில். வயது நாற்பத்தொன்று. முல்லைத்தீவுக்குத் தெற்கே ஒரு கரையூரில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்த ரியூசன் மாஸ்டர். அவனுடைய ஒரே தம்பி றொசான் கடலுக்குப் போகிறவன். அந்தக் கரையில் மணல் அள்ளும் கப்பல் ஒன்று நின்றது. கரை அரிக்கிறது, வலை அறுகிறது என்று ஊர் எதிர்த்தது, றொசான் முன்னுக்கு நின்றான். ஒருநாள் காலை பத்து மணிக்கு, பட்டப்பகலில், கப்பலின் காவல் படகு நேராக வந்து றொசானின் வள்ளத்தின்மேல் ஏறி அவனைக் கொன்றது. கரையோரத் தண்ணீரில் நின்று அதைப் பார்த்த ஒரே ஆள் யூஜின். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னான். மறுவாரம் வீடு எரிந்தது. அதற்கு அடுத்த வாரம் அவனைத் தேடி ரியூசன் கொட்டிலுக்கே ஆட்கள் வந்தார்கள். அவன் பின்பக்கத்தால் ஓடியவன்தான், இந்த நாட்டில் வந்து நின்றான்.

முதல் நாள் அவன் அவளுடைய அறையில் இரண்டு மணி நேரம் அழுதழுது சொன்னான். தலையும் இல்லை, காலும் இல்லை. இடையில் ஏதோ ஒரு மீனைப் பற்றிச் சொன்னான், இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்ததைப் பற்றிச் சொன்னான், பிறகு தம்பியின் சின்ன வயதுக்குப் போனான். துஷ்யந்தி ஒன்றும் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் நாள் எழுதுவதில்லை என்பதும், அறைக்குள் கேட்டதை அறைக்கு வெளியே ஒருவரிடமும் சொல்வதில்லை என்பதும் மன்றத்தின் சட்டங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து பயிற்சி. அவளுடைய இருபத்தொரு வருடத்தில் அவனைப்போல ஒரு மாணவன் வாய்த்ததில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலத் தனக்கே ஒரு சுருக்கக் குறிப்புத் தயாரித்துக்கொண்டு வந்தான். நேரம், இடம், வாகனம், மோதல், சாட்சி. முதல் எழுத்துகளைச் சேர்த்து 'நேஇவாமோசா'. அதைக் கேட்டு அவள் கைதட்டினாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்குக் கை கூசும்.

விசாரணையில் யூஜின் ஒரு சொல் தடக்கவில்லை. ஐம்பது நிமிடமும் விளக்கு மஞ்சளாகவே எரிந்தது.

'விண்ணப்பதாரர் கற்ற ஒரு கதையைச் சொல்கிறார்' என்று கடிதம் வந்தது. மேன்முறையீட்டுக்குப் பன்னிரண்டு நாள். அதிலும் தோற்றால் விமானம். இறங்கும் இடத்தில் யார் காத்திருப்பார்கள் என்பதில் யூஜினுக்கும் அவளுக்கும் சந்தேகமே இல்லை.

முதலில் துஷ்யந்தி கருவியைத் திட்டினாள். பிறகு வாரியத்தைத் திட்டினாள். பிறகு, எதையும் கணக்காகப் பார்க்கிறவள் என்பதால், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிரீடம் வந்த பிறகு போன எல்லாக் கோப்புகளையும் எடுத்து மேசையில் பரப்பினாள். மஞ்சள் எரிந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் அவளுடைய வகுப்பில் முதல் வாங்கில் உட்காரும் கெட்டிக்கார மாணவர்கள். பச்சை எரிந்தவர்கள் யாரென்று பார்த்தால், பயிற்சிக்கு ஒழுங்காக வராதவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், வந்தாலும் பத்தாவது நிமிடத்தில் குறட்டை விடுகிற ஜெகசோதி ஐயா. ஐயா விசாரணையில் திகதியும் மாதமும் எல்லாம் மாற்றிச் சொல்லியிருந்தார். விளக்குப் பச்சைப் பசேல் என்று எரிந்திருந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை. அந்த ஏழு பேரில் சுகிர்தா என்ற பெண்ணை ஏற்கெனவே திருப்பி அனுப்பியாகிவிட்டது. அவளுக்குத் துஷ்யந்தி அனுப்பிய செய்திகள் மூன்று வாரமாக வாசிக்கப்படாமல் கிடந்தன. துஷ்யந்தி கோப்புகளின்மேல் தலையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. தன் கையாலேயே தன் ஆட்களின் கண்ணைக் குத்தியிருக்கிறாள்.

திங்கட்கிழமை மன்றத்தின் வழக்கறிஞர் மார்த்தா வந்தாள். அந்த நாட்டுக்காரி, அதிகம் சிரிக்காதவள், ஆனால் பிடித்த வழக்கை விடாதவள். துஷ்யந்தி கண்டுபிடித்ததைச் சொன்னதும் கருவியின் கையேட்டை எடுத்துப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினாள்.

"நடந்ததை நினைக்கும்போது மூக்கு, தோல், கண், எல்லாம் மூளைக்குள் சேர்ந்து விழிக்கின்றன. பாடத்தை ஒப்பிக்கும்போது வாய் மட்டும்தான் விழிக்கிறது. கருவி பார்ப்பது அந்த வித்தியாசத்தை மட்டுமே" என்றாள்.

"அப்படியென்றால் உண்மையையே ஒருவன் பாடமாக்கிவிட்டால்?"

"அதைப் பற்றிக் கையேட்டில் ஒன்றும் இல்லை. உண்மையை யார் பாடமாக்குவார்கள் என்று நினைத்திருப்பார்கள்."

நாங்கள் பாடமாக்குவோம் என்று துஷ்யந்தி சொல்லவில்லை. யூஜினைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

பாடத்தை மறக்கடிக்க வேண்டும், அதுதான் அவளுடைய முதல் யோசனை. குறிப்பை விடுங்கோ மாஸ்டர், முதல் நாள் சொன்னமாதிரி வாய்க்கு வந்தபடி சொல்லுங்கோ என்றாள். அவன் தொடங்கினான். காலை பத்து மணி, இறங்குதுறைக்குக் கிழக்கே நூறு மீற்றர் என்று வந்தது. நிறுத்தி, வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொன்னாள். நடுவிலிருந்து தொடங்கினாலும் மூன்றாவது குறிப்பும் நாலாவது குறிப்பும் கைகோத்துக்கொண்டு வந்தன. அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, ஒண்டு சொல்லட்டே? எனக்கு இப்ப றொசான்ர முகம் வருதில்லை."

"என்ன சொல்லுறீங்கள்?"

"அவன்ர பேரை நினைச்சா நேஇவாமோசாதான் வருது. படம் ஒண்டும் கையில இல்லை, எல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. மனசுக்குள்ள இருந்த ஒரு படத்தையும் நானே அழிச்சுப் போட்டன்."

அவன் அழவில்லை. பரீட்சை முடிவைச் சொல்லும் குரலில்தான் சொன்னான். விசாவைவிடப் பெரிய ஒன்றை இந்த மனுசனிடமிருந்து பறித்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவனைத் தேற்றத்தான் அவள் வாயைத் திறந்தாள். நீங்கள் மறந்தாலும் நான் மறக்கவில்லை, உங்கள் தம்பி உங்களைக் கண்டு கையைத் தூக்கினவர், படகுக்காரர் பகிடிக்கு வருகிறார்கள் என்று நினைத்துச் சிரிச்சுக்கொண்டு நின்றவர் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அதிசயமாக இருந்தது. டீசல் மணம் மூக்கில் ஏறியது. இடுப்பளவு தண்ணீரில் சாரம் காலைச் சுற்றி இழுத்தது. வெயில் இடது கன்னத்தில் சுட்டது. அந்தக் கடலை அவள் கண்ணால் கண்டவளில்லை, நாலு வயதில் நாட்டை விட்டு வந்தவள்.

யூஜின் நிமிர்ந்து பார்த்தான். "சிரிச்சவனோ? இதை நான் சொன்னனானோ?"

"முதல் நாள் சொன்னீங்கள். ஒரே ஒருக்கால்."

அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. அவன் அந்தக் கதையை இருநூறு தரம் சொல்லித் தேய்த்துவிட்டான். அவள் ஒருதரம் கேட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. அறைச் சட்டம் அவளுடைய வாயைக் கட்டிவைத்திருந்தது. அதனால் அது அவளிடம் தேயாமல், முதல் நாள் வந்தபடியே இருந்தது.

அன்று பின்னேரமே மார்த்தாவிடம் தன் திட்டத்தைச் சொன்னாள். மேன்முறையீட்டில் கிரீடத்தை என் தலையில் வையுங்கள், நான் யூஜினின் கதையைச் சொல்கிறேன், அந்தக் கடலையே காணாத எனக்குப் பச்சை எரிந்தால் கருவியின் குட்டு உடையும். மார்த்தா கையேட்டை மூடிவைத்தாள். ஆட்களுக்கு ஒத்திகை பார்த்ததை நீ சபையில் ஒப்புக்கொள்ள வேண்டிவரும், மன்றத்தின் அனுமதிப் பத்திரத்தையே பறிக்கலாம் என்றாள். விளக்கு உனக்கும் மஞ்சளாக எரிந்தால் அவனுக்கு அடுத்த நாளே விமானம் என்றும் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று தமிழில் இருப்பது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பாள்.

துஷ்யந்தி யூஜினிடம் அனுமதி கேட்டாள். அறைக்குள் சொன்ன கதை அவனுடையது, வெளியே கொண்டுபோக அவன்தான் சம்மதிக்க வேண்டும். அவன் அதிகம் யோசிக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்றான். ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். அவள் அதற்கு ஒத்திகை பார்க்கக் கூடாது.

சொல்லத் தேவையா? அந்த ஒன்பது நாளும் அவள் அதைப் பற்றி மனதுக்குள்கூட ஒரு வசனம் அமைக்கவில்லை. வசனம் தானாக வரப் பார்த்தால் எழுந்து போய் யாருக்காவது மேலங்கி எடுத்துக் கொடுத்தாள்.

மேன்முறையீட்டுச் சபையின் தலைவர் நரைத்த, பொறுமையான மனிதர். வாரியத்தின் வழக்கறிஞர் எழுந்து, சம்பவ இடத்தில் இல்லாத ஒருவரின் தலையில் கருவியை வைப்பது கேலிக்கூத்து என்று ஆட்சேபித்தார். கருவி நம்பத் தகுந்ததா என்பதுதானே எங்கள் கேள்வி என்றாள் மார்த்தா. தலைவர் அனுமதித்தார்.

கருவியைச் சரிபார்க்கத் தொழில்நுட்பர் முதலில் வேறு இரண்டு விஷயம் கேட்டார். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று சொன்னாள், பச்சை. அவளுடைய சொந்த வாழ்க்கையில் ஏதாவது பெரிய சம்பவம் என்றபோது, நாலு வயதில் அம்மாவின் மடியில் கப்பலேறி வந்ததைச் சொன்னாள். அம்மா விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அவளும் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி, மேடையில் பேசிப் பரிசும் வாங்கிய கதை. மஞ்சள் எரிந்தது. தொழில்நுட்பர் வளையத்தைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

பிறகு அவள் யூஜினின் கதையைச் சொன்னாள்.

வரிசை எதுவும் இருக்கவில்லை. நனைந்த சாரத்தில் தொடங்கினாள். வள்ளத்தின் முன்பக்கம் வெடித்த சத்தத்துக்குப் பிறகு காது அடைத்துப்போனதையும், சத்தமே இல்லாமல் சூடை மீன்கள் வெள்ளிக்காசுபோலத் தண்ணீரில் சிதறியதையும் சொன்னாள். தூக்கிய கை. சிரித்த முகம், நாடியில் இருந்த அம்மைத் தழும்பு, பால்குடி வயதில் அண்ணன் சொறியவிட்டதால் வந்த தழும்பு. விளக்கு ஒருதரமும் மின்னாமல் பச்சையாக எரிந்தது.

வாரியத்தின் வழக்கறிஞர் கருவியில் கோளாறு என்றார். வேறு வளையம் கொண்டுவந்தார்கள். மறுபடி சொன்னாள், பச்சை. திகதி வரிசைப்படி சொல்லச் சொன்னார்கள். சொன்னாள், பச்சை கொஞ்சம் ஆடியது. பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொன்னார்கள். நாலாம் தரம் பச்சையும் மஞ்சளும் மாறி மாறி எரிந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாம் தரம். அவளுடைய வாய் தானாகவே ஓடியது. ஒரு சொல் தடக்கவில்லை. விளக்கு முழு மஞ்சளாகிவிட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மையாரே, இந்த ஐந்தில் எது பொய்?"

"ஒன்றுமே பொய் இல்லை. ஆனால் ஒன்றுகூட எனக்கு நடந்ததில்லை."

பிறகு அவள் தான் நடத்திய பயிற்சியைப் பற்றி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். உங்கள் கேள்விகளுக்குப் பயந்துதான் நாங்கள் பாடமாக்கினோம், பாடமாக்கியதற்காக எங்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று முடித்தாள். தலைவர் நெடுநேரம் எழுதினார். பிறகு கிரீடத்தை மேசையிலிருந்து அகற்றச் சொல்லிவிட்டு, யூஜினைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

யூஜின் எழுந்தான். காலையிலிருந்து அவன் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. முதல் தரம் அவள் சொன்னபோதே அவனுடைய முகம் மாறியதை மார்த்தா கவனித்திருந்தாள்.

"நான் சொறிய விடேல்லை. அவன்தான் சொறிஞ்சவன்" என்றான். பிறகு சிரித்தான், பிறகு அழுதான். துஷ்யந்தி அதை மொழிபெயர்த்தாள். அதற்குப் பிறகு அவன் சொன்ன எதிலும் நேரமும் இல்லை, இடமும் இல்லை. தம்பி சோற்றில் கறியை ஒளித்துவைத்துக் கடைசியில் தின்பதைச் சொன்னான், வள்ளத்துக்குப் பூசும் நிறத்துக்காக இருவரும் சண்டை பிடித்ததைச் சொன்னான். தலைவர் அவனை ஒரு இடத்திலும் மறிக்கவில்லை.

தீர்ப்பு மூன்றாம் நாள் வந்தது. யூஜினுக்குப் புகலிடம். நிலுவையில் இருக்கும் எந்த வழக்கிலும் கருவியின் மஞ்சள் விளக்கை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. மற்ற ஆறு கோப்புகளும் மறுபடி திறக்கப்பட வேண்டும், சுகிர்தாவை அரச செலவில் திருப்பி அழைக்க வேண்டும். மன்றத்தின் அனுமதிப் பத்திரத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான பத்தி இருந்தது, ஆனால் பறிக்கவில்லை. அன்று பின்னேரம் சுகிர்தா மன்னாரில் சின்னம்மா வீட்டிலிருந்து பதில் போட்டாள். சிம் மாறிப் போச்சு அக்கா, இருக்கிறன் என்று மட்டும் எழுதியிருந்தாள். துஷ்யந்தி அதைப் பத்துத் தரம் வாசித்தாள்.

தீர்ப்பின் பிரதியை வாங்க இருவரும் சபைக் கட்டடத்துக்குப் போனார்கள். திரும்பி வரும்போது தாழ்வாரத்தில் துஷ்யந்தி நடையை நிறுத்தினாள். இரண்டு நாளாக அவளை ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. றொசானை நினைத்துப் பார்த்தால் சபையில் சொன்ன வசனங்கள்தான் வந்தன. சாரம் நனைந்தது என்று தெரிந்தது, நனையவில்லை. தழும்பு என்ற சொல் இருந்தது, தழும்பு இல்லை. தன்னுடையது அல்லாத ஒன்றைத் தொலைத்ததற்கு இவ்வளவு துக்கம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"மாஸ்டர், உங்கட தம்பியின்ர முகம் எனக்கு இப்ப வருதில்லை. எப்பிடி இருப்பார் எண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோவன்."

யூஜின் அவளைப் பார்த்தான். சொல்ல வாயைத் திறந்தான். அவனுடைய கண் எங்கேயோ போய், எதையோ கண்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. சொல்லமாட்டன்."

இருபத்தொரு வருடமாக ஆட்களைச் சொல்லு சொல்லு என்று சொல்லவைத்தவள் அவள். வேண்டாம் மாஸ்டர், சொல்லாதேங்கோ என்று அவனுடைய கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க முன்னால் நடந்தாள்.